ஹபரணை தாண்டி இருட்டில கார் நிண்டா, உள்ள இருக்கிறதா இறங்கிறதா?

கேள்வி: 2025 ஓகஸ்ட் 3, காலை

வாற கிழமை கொழும்பில இருந்து பிள்ளைகளோட திருகோணமலைக்கு வாறம். வேலை முடிஞ்சு பின்னேரம் வெளிக்கிட்டா ஹபரணை தாண்ட இரவாகிடும். கார் ரோட்டில நிண்டா உள்ள இருக்காம இறங்கி, ரோட்டை விட்டுத் தள்ளிப் போய் நிக்கச் சொல்லித்தான் எல்லா இடத்திலயும் எழுதியிருக்கு. அந்த யானைக் காட்டுக்குள்ள இரவில இறங்கி நிக்கிறதா? ஹபரணை, கந்தளாய் ரோட்டில ஓடுற ஆக்கள் என்ன செய்யிறீங்க?

பதில்: ஓகஸ்ட் 3, இரவு

பின்னேரம் வெளிக்கிடாதீங்க, அதுதான் முதல் பதில். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டா வெயில் ஏற முதல் ஹபரணையைத் தாண்டலாம், பத்தரை பதினொண்டுக்கு உப்புவெளிக் கடலுக்குள்ள நிக்கலாம்.

சரி, வேலையோ, பிள்ளைகளோ, மனுசிட பிடிவாதமோ, ஏதோ ஒண்டால இரவாகிட்டுது எண்டு வைப்பம். உள்ள இருக்கிறதா இறங்கிறதா எண்டு யோசிக்க முதல், எங்க நிப்பாட்டுறது எண்டு யோசிக்கோணும். கார் பெரும்பாலும் சொல்லாமக் கொள்ளாம நிக்காது. லைட் ஒண்டு பத்தும், சூட்டு முள்ளு ஏறும், ஏதாவது மணக்கும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அதுக்குப் பிறகும் கொஞ்ச தூரம் ஓடும். அந்தக் கொஞ்ச தூரத்தைத்தான் ஆக்கள் வீணாக்கிறது. லைட் பத்தினவுடன பதறி, ரெண்டு பக்கமும் காடா இருக்கிற வளைவிலயே ஓரங்கட்டிப் பொனட்டைத் தூக்குவாங்க.

நான் ஹயர் வான் ஓடின காலத்தில, கல் ஓயா சந்திக்கு முன்னால பொழுது படுற நேரம் பின் டயர் ஒண்டு வெடிச்சுது. வான் நிறைய ஆக்கள். நான் நிப்பாட்டேல்ல. பிரேக்கை மிதிக்காம, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு, வேகம் தானா விழ விட்டு, பிறகு நடக்கிற வேகத்தில சந்திக் கடை வெளிச்சம் வரைக்கும் உருட்டினன். டயர் நார் நாராக் கிழிஞ்சு, ரிம் தாரைக் கீறின சத்தத்தில பல்லுக் கூசிச்சுது. ரிம்மும் போச்சு. வான் முதலாளி அந்த ரிம்மைப் பற்றிப் பேசாத மாதம் இல்ல. பேசட்டும். வந்த சனம் கடை வாங்கில இருந்து பிளேன்டீ குடிச்சுது, நான் பல்ப் வெளிச்சத்தில டயர் மாத்தினன்.

உருட்டக் கூடாத நேரமும் இருக்கு. புகை வந்தா, நெருப்பு மணம் வந்தா, பிரேக் பிடிக்காட்டி, ஸ்டியரிங் கேக்காட்டி அந்த இடத்திலயே ஓரம், எல்லாரும் வெளிய. எண்ணெய்ச் சிவப்பு லைட் பத்தினா எஞ்சின் நிமிசக் கணக்கில இறுகிடும். பகலெண்டா உடன நிப்பாட்டுங்க. யானைக் காட்டுக்குள்ள இரவெண்டா, எஞ்சினா ஆளா எண்டு நீங்களே பாருங்க. நான் எஞ்சினை விடுவன்.

ஓகஸ்ட் 4

கார் நிண்டா பின்னால வாறவங்களுக்குத் தெரிய ரோட்டில வைக்கிற சிவப்பு முக்கோணத்தைப் பற்றி எழுத மறந்து போச்சு. நாலு சிக்னலும் ஒண்டாப் பத்துற சுவிச்சை, ஓரங்கட்ட யோசிச்ச உடனயே போடுங்க, நிண்ட பிறகு இல்ல. முக்கோணத்தைக் காருக்கு ஒட்டி வைக்கிறது சும்மா அலங்காரம். பின்பக்கம் ஐம்பது காலடி நடந்து வையுங்க. நடக்கேக்க அதை நெஞ்சுக்கு முன்னால பிடிச்சுக்கொண்டு நடந்தா உங்களையும் லொறிக்காரன் காணுவான். வளைவுக்கு அங்கால நிண்டீங்க எண்டா முக்கோணம் வளைவுக்கு இங்கால வரோணும்.

முக்கோணம் இல்லாட்டிக் குழை. லொறிக்காரர் ஒரு கொப்பை முறிச்சு ரோட்டில போட்டா, முன்னால ஏதோ நிக்குது எண்டு இந்த ரோட்டில ஓடுற எல்லாருக்கும் தெரியும். நல்ல பழக்கம்தான். ஆனா லொறி போன பிறகும் குழை அங்கயே கிடக்கும். அதை விட மோசம், சில்லுக்கு முட்டுக் குடுத்த கல். இரவில மோட்டார் சைக்கிளில வாற பெடியன் அந்தக் கல்லில ஏறினா என்ன நடக்கும்? கல்லை எடுக்காமப் போறவங்களுக்கு என்னட்ட நல்ல வார்த்தை இல்ல.

ஓகஸ்ட் 6

ஹோர்ன் அடிச்சா யானை விலகும் எண்டு இங்க ஒரு தம்பி எழுதியிருக்கிறார். விலகின யானையை மட்டும்தான் தம்பி கண்டிருக்கிறார்.

அடிக்காதீங்க. பெரிய லைட்டை முகத்துக்கு அடிக்கிறதும் வேண்டாம், போன் பிளாஷ் போட்டுப் படம் பிடிக்கிறதும் வேண்டாம். கார் ஓடுற நிலையில இருந்தா தூரத்திலயே நிண்டு, தேவையெண்டா மெல்லப் பின்னுக்கு எடுங்க. ஒரு யானை ரோட்டைக் கடந்தா அதோட முடிஞ்சுது எண்டு நினைக்காதீங்க. பின்னால குட்டியும் தாயும் பத்தைக்குள்ள நிக்கும், நீங்க நடுவில போய் மாட்டுப்படக் கூடாது. ஓடாத காருக்குள்ள இருந்தா கண்ணாடியை ஏத்திப்போட்டுச் சத்தமில்லாம இருங்க. தம்புள்ளையில வாங்கின மாம்பழமும் வாழைக்குலையும் பின்சீற்றில மணத்துக்கொண்டு கிடந்தா அதை டிக்கிக்குள்ள தள்ளுங்க. அதுவும் காட்டுக்கு முன்னாலயே செய்யிற வேலை, யானை வந்த பிறகு இல்ல. ரோட்டோரத்தில யானைக்குப் பழம் எறிஞ்சு பழக்கின ஆக்களாலதான் அதுகள் வாகனத்தைக் கண்டா கிட்ட வாறது.

வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992, பொலிசுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. அம்புலன்ஸ் இலவசம், காசு கேப்பாங்களோ எண்டு யோசிச்சு நேரத்தை விடாதீங்க.

ஓகஸ்ட் 9

இப்ப கச்சான் எண்ட சுடு காத்துக் காலம். திருகோணமலைக்கு வாற கார் இந்த மாதங்களில நிக்கிறதெண்டா பாதி சூட்டாலதான். அதால இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

வவுனியாவில இருந்து கோணேசர் கோயிலுக்கு அம்மாமாரை ஏத்திக்கொண்டு ஹொரவப்பொத்தானை ரோட்டால வந்த ஒரு ஹயர். பன்குளத்துக்கு முன்னால ஏசிக் காத்தில ஒரு இனிப்பு மணம் வந்துது. பின்னால இருந்த அம்மா, "ஆரோ பாணி காய்ச்சுறாங்க போல" எண்டாங்க. வீடு வாசல் இல்லாத இடத்தில ஆர் பாணி காய்ச்சுறது? கூலன்ட்தான் இனிப்பா மணக்கும். முன் கண்ணாடியில உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி ஆவி பிடிச்சுது. பென்னம்பெரிய அடையாளம் இதுதான், சூட்டு முள்ளு ஏற முதலே வரும். ஏசியை நிப்பாட்டி, ஹீட்டரை முழுசாத் திறந்தன். ஹீட்டர் எஞ்சின் சூட்டைத்தான் உள்ளுக்குக் கொண்டுவாறது, அப்ப எஞ்சினுக்குக் கொஞ்சம் ஆறுதல். வெளிய அனல், உள்ளயும் அனல். அம்மாமார் தேவாரம் தொடங்கிட்டாங்க. கண்ணாடியெல்லாம் இறக்கி, ஒரு மர நிழலும் பெட்டிக்கடையும் வரைக்கும் மெல்ல வந்தம்.

நிப்பாட்டின பிறகுதான் உண்மையான ஆபத்து. கடைக்கார ஐயா வாளியில தண்ணியோட ஓடி வந்து, "மூடியைத் திறவுங்கோ தம்பி" எண்டார். உதவி செய்ய வாற ஆளைத் தடுக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு அண்டைக்குத்தான் விளங்கிச்சுது. ரேடியேட்டருக்குள்ள தண்ணி அமுக்கத்தில நிக்கிறதால நூறு பாகைக்கு மேல போயும் கொதிக்காம இருக்கும். மூடியை ஒரு சுத்துச் சுத்தினா அமுக்கம் விட்டு, அவ்வளவும் ஒரே நேரத்தில ஆவியாகி முகத்துக்கு வரும். அரை மணித்தியாலமாவது பொறுங்க. மேல் ஹோசை அமத்திப் பாருங்க. கல்லு மாதிரி இறுகி இருந்தா இன்னும் நேரம் வேணும். பிறகும் தடிச்ச துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் காத்தை விட்டுத்தான் திறக்கோணும். சுடுற எஞ்சினுக்கு மேல பச்சைத்தண்ணி ஊத்தினா ஹெட் வெடிக்கும். அந்தச் செலவுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

இன்னொண்டு. நிழல் எண்டு காய்ஞ்ச புல்லுக்கு மேல ஏத்தாதீங்க. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அறுவடை முடிஞ்சு வைக்கோல் ரோட்டோரத்தில பரவிக் கிடக்கும். காருக்கு அடியில சைலன்சர் பாதை நல்லாச் சூடேறி இருக்கேக்க அது பத்துறதுக்கு நேரம் எடுக்காது. மண்ணிலயோ கிறவலிலயோ நிப்பாட்டுங்க.

ஓகஸ்ட் 10

ரேடியேட்டருக்கு இளநி ஊத்தலாமோ எண்டு கேட்டவருக்கு: குடியுங்க.

கடல் தண்ணியும் கூடாது. நிலாவெளியில நிண்டுகொண்டு அதையும் ஒருத்தர் யோசிச்சவர். ஆறின பிறகு குடிக்கிற தண்ணி ஊத்திக் கராஜ் வரைக்கும் போகலாம். போய்ச் சேர்ந்து கூலன்ட் மாத்துங்க.

ஓகஸ்ட் 17

கேள்வி கேட்டவர் நல்லபடியா வந்து போயிட்டாராம், பகலில. சந்தோசம். கிண்ணியாத் தயிர் ரெண்டு சட்டி டிக்கியில கொண்டு போனதாவும் எழுதியிருக்கிறார். அந்தச் சட்டிக்குக் கீழதான் ஸ்பெயார் வீல் இருந்திருக்கும். இரவில டயர் போயிருந்தா முதல் தயிரைத்தான் இறக்கியிருக்கோணும்.

சும்மா சொல்லேல்ல. ஸ்பெயார் வீலைக் கடைசியா எப்ப பார்த்தீங்க? 2020இல வாகன இறக்குமதி நிண்டு, தனியார் கார் 2025 பெப்ரவரியிலதான் திரும்ப வரத் தொடங்கினது. ஊரில ஓடுறது பெரும்பாலும் அதுக்கு முந்தின கார். ஓடுற டயரை மாத்தியிருப்பீங்க, ஸ்பெயார் ஜப்பானில பூட்டினதாவே கிடக்கும். டயர் பக்கத்தில டொட் எண்டு தொடங்குற எழுத்து வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 2314 எண்டா 2014ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. பாவிக்காட்டியும் பத்து வருசத்துக்கு மேல வைச்சிருக்காதீங்க எண்டு டயர் செய்யிற கம்பனிகளே சொல்லுது.

மெலிஞ்ச ஸ்பெயார் எண்டா அதுக்குக் காத்து 60 பிஎஸ்ஐ அடிக்கோணும், மற்ற டயருக்கு அடிக்கிற முப்பது சொச்சம் இல்ல. வேகம் 80க்கு மேல போகக் கூடாது, பக்கத்தில எழுதியும் இருக்கும். சில கார்களில ஸ்பெயாரே இல்ல, ஒரு போத்தல் பசையும் குட்டிப் பம்பும்தான். ஆணி குத்தின ஓட்டைக்கு அது சரி, பக்கம் கிழிஞ்சா உதவாது.

மாத்திறவங்களுக்கு: நட்டைச் சில்லு நிலத்தில நிக்கேக்கயே கொஞ்சம் இளக்கிப்போட்டுத்தான் ஜாக் அடிக்கிறது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் தார் முடிஞ்ச உடன மணல். ஜாக் புதைஞ்சு சரியும். ஒரு பலகைத் துண்டு டிக்கியில கிடக்கட்டும். கழட்டின சில்லைக் காருக்கு அடியில தள்ளி வையுங்க, ஜாக் வழுக்கினா கார் அதில இருக்கும், உங்கட காலில இல்ல.

ஓகஸ்ட் 24

எங்க நிக்கிறீங்க எண்டு சொல்லத் தெரியாட்டி ஆரும் வரேலாது. எங்கட பக்கம் பழைய மைல் கணக்கில தொண்ணூற்றெட்டாம் கட்டை எண்டு சொல்லுவாங்க, அது தம்பலகாமத்துப் பக்கம். ரோட்டில இப்ப நிக்கிறது கிலோமீற்றர் கட்டை. இந்த ஏ6 ரோடு அம்பேபுஸ்ஸவில தொடங்குறதால 98 எண்டு எழுதின கட்டை தம்புள்ளைப் பக்கம் நிக்கும். போனில "98இல நிக்கிறம்" எண்டு வெளியூர் ஆள் சொல்ல, எங்கட மெக்கானிக் பாஸ் தம்பலகாமத்தில போய்த் தேடின கதை கராஜில இண்டைக்கும் சிரிப்பு. கட்டையில உள்ள இலக்கத்தோட, கடைசியாத் தாண்டின ஊரையும் சொல்லுங்க. வாட்ஸ்அப்பில லொக்கேஷன் அனுப்பினா நல்லம், ஆனா காட்டுக்குள்ள கவரேஜ் விட்டு விட்டுத்தான். ஹபரணையில நிக்கேக்கயே வீட்டுக்கு ஒரு செய்தி போட்டிட்டு ஏறுங்க.

செப்டெம்பர் 7

முதல் கேள்விக்குத் திரும்பி வாறன். "இறங்கித் தூரப் போ" எண்டது வேகப்பாதையை நினைச்சு எழுதினது. அங்க பின்னால வாற வாகனம்தான் ஆபத்து. எங்கட ரோட்டில பகலுக்கு அது அப்படியே பொருந்தும்: எல்லாரும் இடதுபக்கக் கதவால இறங்கி, காருக்குப் பின்னாலயும் இல்லாம முன்னாலயும் இல்லாம, ரோட்டை விட்டுத் தள்ளி நிக்கோணும்.

இரவில, யானை நடமாடுற துண்டில, நான் பார்க்கிறது ஒண்டைத்தான். நாலு சில்லும் தாரை விட்டு வெளியில நிக்குதா? நிக்குதெண்டா உள்ள இருங்க, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, சிக்னல் நாலும் பத்த. யானைக்கு அந்த மினுக்கம் பிடிக்காது எண்டு ஒரு அண்ணை எழுதியிருந்தார். இருக்கலாம். ஆனா டெயில் லைட் இல்லாத லேண்ட்மாஸ்டர் உழவு மெசினும் நித்திரையில வாற லொறியும் யானையை விடக் கூட ஆக்களைக் கொண்டுபோகும். நான் மினுக்கத்தை நிப்பாட்ட மாட்டன்.

தாரிலயே நிண்டிட்டுதெண்டா முதல் வேலை தள்ளுறது. ஓட்டோ கியர் கார் பெட்டரி செத்துப் பார்க்கில இறுகினா ஆக்கள் கையை விரிப்பாங்க. பெரும்பாலான காரில கியர்ப் பிடிக்குப் பக்கத்தில நகம் அளவில ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறப்பு நுனியால கிளப்பி, உள்ள இருக்கிறதை அமத்திக்கொண்டு, பிரேக்கையும் மிதிச்சபடி நியூட்ரலுக்குத் தள்ளலாம். எல்லாக் காரிலயும் ஒரே இடத்தில இருக்காது. வீட்டு முத்தத்தில ஒருக்காத் தேடிப் பாருங்க, டோர்ச்சைப் பல்லில கடிச்சுக்கொண்டு தேடுறது வேற விசயம். தள்ளுற ஆள் இடதுபக்கக் கதவுத் தூணில கை வைக்கட்டும். பின் பம்பருக்கும் வாற லொறிக்கும் நடுவில நிக்க வேண்டாம்.

தள்ளவும் ஏலாட்டி? டோர்ச்சோட ஒருத்தர் பின்னால ரோட்டோரம் தள்ளி நிண்டு வாற வாகனத்தை மறிக்கோணும், மற்றவங்களைக் காரை விட்டு இறக்கி, மறிச்ச முதல் பஸ்சிலயோ லொறியிலயோ ஏத்தி அடுத்த சந்திக்கு அனுப்போணும். கார் நிக்கட்டும். இந்த ரோட்டில இரவிலயும் பஸ் ஓடுது. பஸ்காரர் பிள்ளை குட்டியைக் கண்டா நிப்பாட்டுவாங்க.

செப்டெம்பர் 8

ரயில் கடவையில நிண்டா தள்ள யோசிக்காதீங்க. முதல் ஆக்கள் இறங்கி, தண்டவாளத்தை விட்டு விலகி, ரயில் வாற திசைப் பக்கமாச் சாய்வா நடவுங்க. கார் அடிபட்டா துண்டுகள் ரயில் போற பக்கம்தான் பறக்கும்.

கிண்ணியாப் பாலத்தில கார் நிண்டா என்ன செய்யிறது எண்டு கேட்டவருக்கும் ஏறக்குறைய அதே பதில். 2009இல திறந்த பாலம், 396 மீற்றர், நிண்டா ஒதுங்க இடமில்ல. சூட்டு முள்ளு ஏறுறதைக் கண்டா பாலத்துக்கு முன்னாலயே நில்லுங்க. பின்னேரத்தில படம் பிடிக்கவெண்டு நல்ல காரையே நடுப்பாலத்தில நிப்பாட்டுற சனத்துக்கு நான் என்ன சொல்ல.

ஒக்டோபர் 12

மழை தொடங்கப் போகுது, சூட்டுக் கதையை மூடி வைப்பம். மூதூரால மட்டக்களப்புக்குப் போற ஆக்கள், பெருமழைக்கு வெருகல் பக்கம் ரோட்டுக்கு மேலால வெள்ளம் பாயேக்க முன்னால பஸ் போச்சு எண்டு பின்னால விடாதீங்க. பஸ்சின்ட காத்து எடுக்கிற குழாய் எங்க, உங்கட காரின்ட எங்க? தண்ணிக்குள்ள எஞ்சின் நிண்டா திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா அது அமுங்காது, பிஸ்டனோட பூட்டியிருக்கிற கொன்ரொட் கம்பி வளைஞ்சிடும். இறங்கித் தள்ளி மேட்டுக்கு எடுங்க. முழங்காலுக்கு மேல ஓடுற தண்ணி எண்டா காரை விட்டிட்டு ஆக்கள் மட்டும் வாங்க. அதுவும் வேகமா ஓடினா இறங்கவே முதல் யோசியுங்க.

ஒக்டோபர் 19

கயிறு கட்டி இழுக்கிற பழக்கத்தைப் பற்றி. எஞ்சின் ஓடாத காரில பிரேக் ஒண்டு ரெண்டு மிதிக்குப் பிறகு கட்டை மாதிரி இறுகும், ஸ்டியரிங்கும் பாரமாகும். இது தெரியாம முன்னால போறவன் பிரேக் அடிக்க, பின்னால வாறவன் அவன்ட டிக்கிக்குள்ள. திறப்பைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு இழுபட்டுப் போன ஆளும் இருக்கிறார். ஸ்டியரிங் பூட்டு விழுந்து முதல் வளைவில நேராப் போனவர். ஆள் தப்பினது வயல் ஈரமா இருந்ததால.

ஓட்டோ கியரும் ஹைபிரிட்டும் இழுக்கவே வேண்டாம். எஞ்சின் சுத்துற சில்லு நிலத்தில உருண்டா உள்ள கியர்பெட்டியும் மோட்டரும் சுத்தும். அந்தச் சில்லைத் தூக்கோணும், இல்லாட்டிக் கரியர் லொறியில ஏத்தோணும். ஹைபிரிட்டில செம்மஞ்சள் வயரைக் கண்டா கை வைக்காதீங்க, அதில கூடின வோல்ட். பின்சீற் ஓரத்தில ஒரு காத்து வாசல் இருக்கும், பெட்டரி மூச்சு விடுறது அதால. கருவாட்டுப் பார்சலையும் தலகாணியையும் அதில அடைச்சு வைச்சிட்டு, சிவப்பு லைட் ஏன் வருது எண்டு கராஜில வந்து கேக்கிறாங்க.

இன்சூரன்ஸ் அட்டையில இருக்கிற இலக்கத்துக்குக் கோல் எடுத்தா சில கம்பனி கரியர் அனுப்பும், எவ்வளவு தூரத்துக்கு எண்டு வீட்டில இருந்தே கேட்டு வையுங்க. எனக்கு ஒருக்கா அனுப்பினாங்க. வாற நேரத்துக்குள்ள நான் கந்தளாயில சாப்பிட்டு, நித்திரை கொண்டு, எழும்பி, காரையும் திருத்திட்டன்.

நவம்பர் 2

முதல் கேள்வி கேட்டவர் ஸ்பெயாரின் படத்தைப் போட்டு, இது சரியோ எண்டு கேட்டிருக்கிறார். 0912. பக்கத்தில முடி மாதிரி வெடிப்பு படத்திலயே தெரியுது. காத்து நிக்குது எண்டதை நம்பாதீங்க, சும்மா கிடக்கேக்க நிக்கும், பாரம் ஏறினாத்தான் தெரியும். டயர்க் கடையில குடுத்து மாத்துங்க. மாத்தும் வரைக்கும் டிசெம்பர் லீவுப் பயணத்தைப் பஸ்சில போட்டாலும் பிழையில்ல.